காசு செலவில்லாமல் கணினி விளையாட்டு: முதல் ஆட்டத்தை முடிப்பது எப்படி

கணினி விளையாட்டு செய்யணும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: எந்த லேப்டாப் வாங்கலாம், எந்தப் பயிற்சி மையத்தில் சேரலாம்? இரண்டுக்கும் இப்போது பணம் போட வேண்டாம். வீட்டில் ஒரு சாதாரணக் கணினியும் சுமாரான இணைய இணைப்பும் இருந்தால் இன்று மாலையே தொடங்கிவிடலாம். நிரல் எழுதத் தெரியாது, படம் வரைய வராது என்பதெல்லாம் ஒரு தடையே இல்லை.

இங்கே இரண்டு கருவிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒன்று ட்வைன்: படிப்பவரே வழியைத் தேர்ந்தெடுத்து நகரும் சொல் விளையாட்டுகளுக்கு. இன்னொன்று கோடோ: ஓடுவது, குதிப்பது, மோதுவது எல்லாம் உள்ள ஆட்டங்களுக்கு. இதே வரிசையில் போவது நல்லது. ட்வைனில் ஓர் ஆட்டத்தை முழுசாக முடித்துவிட்டுக் கோடோவுக்கு வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவது குறைவு என்பது என் எண்ணம். ஒன்றை முடித்த தெம்பு அவர்களிடம் இருக்கிறது.

முதலில் உரிமத்தைப் பாருங்கள்

ஒரு காலத்தில் விளையாட்டு எஞ்சின், அதாவது ஆட்டங்களை உருவாக்க உதவும் மென்பொருள், என்பது பெரிய நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கும் சரக்கு. 2009 அக்டோபரில் யூனிட்டி என்ற எஞ்சின் நிறுவனம் தன் அடிப்படைப் பதிப்பை இலவசமாக்கியது. 2015 மார்ச்சில் அன்ரியல் எஞ்சினும் மாதச் சந்தாவைக் கைவிட்டது. கதவு திறந்தது உண்மைதான், ஆனால் சாவி இன்னும் அந்த நிறுவனங்களிடமே இருந்தது.

அதன் விளைவு 2023 செப்டம்பர் 12 அன்று தெரிந்தது. வருமானத்திலும் நிறுவல் எண்ணிக்கையிலும் ஒரு வரம்பைத் தாண்டிய ஆட்டங்கள், அதற்குமேல் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கட்ட வேண்டும் என்று யூனிட்டி அறிவித்தது. ஏற்கெனவே வெளியாகியிருந்த ஆட்டங்களையும் அது விடவில்லை. பல ஆண்டு உழைப்பை அந்த எஞ்சினில் போட்டிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பத்தே நாளில் விதிகள் தளர்த்தப்பட்டன, 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. இருந்தாலும் நம்பிக்கை போனது போனதுதான். டெர்ரேரியா விளையாட்டைச் செய்த ரீ-லாஜிக் நிறுவனம் அந்தச் சமயத்தில் கோடோ திட்டத்துக்கு 1,00,000 டாலர் நன்கொடை கொடுத்தது.

யூனிட்டி மோசமான கருவி இல்லை. வேலைக்குப் போக நினைப்பவர்கள் பின்னால் அதையும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முதல் கருவி உங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாததாக இருக்கட்டும் என்பேன். கோடோ எம்ஐடி உரிமத்தில் வருகிறது. செய்த ஆட்டத்தை விற்கலாம், கருவியையே பிரித்து மாற்றலாம், யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. உரிமக் குறிப்பை ஆட்டத்தோடு சேர்த்து வைத்தால் போதும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் அரியல் மன்சூரும் தங்கள் வேலைக்காக உருவாக்கிய எஞ்சின் அது. 2014 பிப்ரவரியில் மூல நிரலோடு பொதுவில் வைத்தார்கள். நாளை திட்டத்தின் போக்கே மாறினாலும், இன்று நீங்கள் இறக்கி வைத்திருக்கும் பதிப்பு இதே உரிமையோடு உங்களிடம் இருக்கும். ட்வைனும் திறந்த மூலக் கருவிதான். கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்டது. கருவிக்கு ஜிபிஎல் என்ற திறந்த உரிமம். அதில் நீங்கள் எழுதும் கதை முழுக்க முழுக்க உங்களுடையது.

ட்வைன்: முதல் நாள்

உலாவியில் ட்வைனரி.ஆர்க் தளத்துக்குப் போய், உலாவியிலேயே பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவவும் வேண்டாம். 'நியூ' பொத்தானை அழுத்திக் கதைக்கு ஒரு பெயர் கொடுத்தால், கட்டம் போட்ட பரப்பில் ஒரே ஒரு பெட்டி தெரியும். அந்தப் பெட்டிக்குப் பெயர் பேசேஜ். இரண்டு முறை சொடுக்கினால் திறக்கும். பெயரை 'பேருந்து நிலையம்' என்று மாற்றிவிட்டு உள்ளே இப்படி எழுதுங்கள்:

இரவு பதினொன்றரை. நடைமேடையில் நீ மட்டும்தான். டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துக்கொண்டே கேட்கிறார்: "என்னம்மா, கடைசி வண்டியும் போயிடுச்சா?"

[[கடைக்குப் போய் உட்காருகிறாய்->டீக்கடை]]
[[மெயின் ரோட்டுக்கு நடக்கிறாய்->மெயின் ரோடு]]

பெட்டியை மூடிப் பாருங்கள். 'டீக்கடை', 'மெயின் ரோடு' என்று இரண்டு புதிய பெட்டிகள் தாமாகவே முளைத்து, முதல் பெட்டியிலிருந்து அவற்றுக்கு அம்புக்குறி போயிருக்கும். ட்வைனின் அடிப்படை இவ்வளவுதான். இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இணைப்பு.

அடைப்புக்குள் எழுதிய அம்புக்குறியை (கழித்தல் குறியும் அதை ஒட்டி > குறியும்) கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பதுதான் ஆடுபவரின் கண்ணில் படும், வலப்பக்கம் இருப்பது பெட்டியின் பெயர். தமிழில் எழுதும் நமக்கு இது பெரிய வசதி. வாக்கியத்தில் 'டீக்கடைக்கு', 'டீக்கடையில்', 'டீக்கடையிலிருந்து' என்று வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். அம்புக்குறி இல்லாமல் சொல்லை அப்படியே அடைப்புக்குள் போட்டால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியாகிவிடும். அதனால் பெட்டிகளுக்கு உருபு சேராத, சின்னப் பெயராக வையுங்கள். இணைப்பில் தெரியும் வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பெட்டியை அழித்ததால் ஏதாவது இணைப்பு அறுந்திருந்தால் வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும்.

சரி, இரண்டு பெட்டிகளையும் திறந்து எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வுகள் வைத்தாயிற்று. இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி என்று ஐந்து படி இறங்கினால் 32 முடிவுகள், மொத்தம் 63 பெட்டிகள். ஆடுபவர் ஒரு முறைக்குப் பார்ப்பதோ ஆறே ஆறு. மீதி 57 பெட்டிகளை எழுதி முடிப்பதற்குள் உற்சாகம் வடிந்துவிடும்.

ஆகவே கிளைகளைப் பிரித்த கையோடு சேர்த்துவிடுங்கள். டீக்கடையில் உட்கார்ந்தவளும் மெயின் ரோட்டுக்கு நடந்தவளும் கடைசியில் அதே காய்கறி லாரியில்தான் ஏறப்போகிறார்கள் என்று வையுங்கள். ஆனால் கடையில் உட்கார்ந்தவளுக்கு அந்த லாரி டிரைவர் எப்படிப்பட்டவர் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், ரோட்டுக்கு நடந்தவளுக்கு அது தெரியாது. இடம் ஒன்றேதான், ஏறும்போது இருக்கும் மனநிலை வேறு. முதல் ஆட்டத்துக்கு இந்த வடிவத்தில் பன்னிரண்டு பெட்டிகளும் மூன்று முடிவுகளும் தாராளம்.

'கடைக்காரரிடம் பேசினாளா' என்பதை ஆட்டம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மாறி என்ற ஒன்று தேவைப்படும். ட்வைன் இயல்பாகக் கொடுக்கும் கதை வடிவம் ஹார்லோ. அதில் பெட்டிக்குள் எழுதும் இடத்துக்கு மேலேயே ஒரு கருவிப்பட்டை இருக்கும். மாறிக்கு ஒரு பொத்தான், நிபந்தனைக்கு ஒரு பொத்தான். கேட்கும் விவரத்தைக் கொடுத்தால் நிரல் வரியை அதுவே எழுதித் தரும். அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த தடவை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். நிரல் எழுதுவதன் முதல் பாடம் அப்படியே வந்துவிடும்.

எழுத எழுத ஆடிப் பாருங்கள். 'பில்ட்' தாவலில் இருக்கும் 'பிளே' ஆட்டத்தைப் புதிய பக்கத்தில் ஓட்டும். அதே இடத்தில் உள்ள 'பப்ளிஷ் டு ஃபைல்' முழு ஆட்டத்தையும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாகக் கொடுக்கும். இரண்டு முறை சொடுக்கினால் எந்தக் கணினியின் உலாவியிலும் ஓடும், வாட்ஸப்பிலும் அனுப்பலாம். உலாவியே எழுத்துகளைக் காட்டுவதால் கொம்பு, கால், ஒற்று எல்லாம் சரியாக வரும். தமிழுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை, இதை அலட்சியம் செய்யாதீர்கள். உலாவி ட்வைனில் எழுதும் கதை இணையத்தில் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அந்த உலாவிக்குள்ளேயே இருக்கிறது. உலாவியின் தரவுகளை அழித்தால் கதையும் போய்விடும். ஐபோன், ஐபேடில் உள்ள சஃபாரி, ஏழு நாள் பயன்படுத்தாத தளங்களின் தரவைத் தானாகவே நீக்கிவிடும். நூலகம், கல்லூரி ஆய்வகம் போன்ற பொதுக் கணினிகளில் ஆபத்து இன்னும் அதிகம். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்து எழுந்திருக்கும் முன் 'லைப்ரரி' தாவலில் உள்ள 'ஆர்க்கைவ்' பொத்தானை அழுத்தி, வரும் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள். சொந்தக் கணினி இருப்பவர்கள், நிறுவிக்கொள்ளும் ட்வைன் பதிப்பைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

கோடோ: குதிக்கும் ஒரு பெட்டி

கோடோவை அதன் தளத்திலிருந்து ஒரு ஜிப் கோப்பாக இறக்கலாம். அதை விரித்து உள்ளே இருப்பதைச் சொடுக்கினால் திறந்துவிடும். நிறுவும் சடங்கே கிடையாது, பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளலாம். தளத்தில் '.நெட்' என்று குறித்த இன்னொரு பதிப்பும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். சாதாரணப் பதிப்புதான் நமக்கு வேண்டும். கணினியே இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு பதிப்பும் இருக்கிறது. போனில் விரலால் செய்வது சிரமம், டேப்லெட் என்றால் பரவாயில்லை.

புதிய திட்டம் தொடங்கும்போது ரெண்டரர் (திரையில் படத்தை வரையும் பகுதி) எது என்று கேட்கும். 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியிலும் ஓடும். பின்னால் ஆட்டத்தை உலாவியில் வெளியிடவும் இதுதான் வேண்டும்.

கோடோவில் எல்லாமே நோட், அதாவது ஒரு வேலையைச் செய்யும் சின்னத் துண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய நோட்களின் கூட்டம் ஒரு சீன். முதல் சீனுக்கு வேர் நோடாக, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நோடாக, 'கேரக்டர்பாடி2டி' (நகரும் பாத்திரம்) என்பதைத் தேடிச் சேருங்கள். அதற்குக் குழந்தைகளாக 'ஸ்பிரைட்2டி' (படம் காட்ட), 'கொலிஷன்ஷேப்2டி' (மோதலை உணர) இரண்டையும் சேருங்கள். திட்டத்தோடு கூடவே வரும் கோடோ சின்னத்தின் படத்தை ஸ்பிரைட்டின் 'டெக்ஸ்சர்' கட்டத்துக்கு இழுத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் உருவம் தயார். கொலிஷன்ஷேப்புக்கு வலப்பக்கப் பட்டியலில் ஒரு செவ்வக வடிவத்தைக் கொடுத்து, ஓரத்தில் உள்ள புள்ளிகளைப் பிடித்து இழுத்துப் படத்தின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வடிவம் கொடுக்காத வரை மஞ்சள் முக்கோணம் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து வேர் நோடைத் தேர்ந்து, ஸ்கிரிப்ட் (நிரல் எழுதும் கோப்பு) சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'பேசிக் மூவ்மென்ட்' என்ற வார்ப்புரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உருவாக்குங்கள். ஓடுவதற்கும் குதிப்பதற்கும் வேண்டிய நிரல் முழுதும் எழுதப்பட்டே வரும். சீனைச் சேமித்துவிடுங்கள்.

இப்போது நிற்க ஒரு தரை வேண்டும். 'நோட்2டி'யை வேராக வைத்து இன்னொரு சீன் தொடங்குங்கள். சங்கிலி போலிருக்கும் பொத்தானை அழுத்தி, முதலில் செய்த சீனை இதற்குள் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு 'ஸ்டாட்டிக்பாடி2டி' (நகராத பொருள்), அதற்குள் ஒரு கொலிஷன்ஷேப். அதை அகலமான செவ்வகமாக இழுத்துப் பாத்திரத்துக்குக் கீழே வையுங்கள். எஃப்5 அழுத்துங்கள். முதன்மைச் சீன் எது என்று கேட்டால், இப்போது திறந்திருப்பதையே காட்டுங்கள். அம்புக்குறி விசைகளால் நகரலாம், ஸ்பேஸ் அழுத்தினால் குதிக்கும். தரை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்கு நாம் படம் கொடுக்கவில்லை. 'டீபக்' மெனுவில் மோதல் வடிவங்களைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் தெரியும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள். ஓடும் வேகம் 300, குதிக்கும் வேகம் -400 என்று இருக்கும். கோடோவின் இருபரிமாணப் பரப்பில் கீழே போகப் போக எண் கூடும், மேலே போனால் குறையும். அதனால்தான் அந்தக் கழித்தல் குறி. ஈர்ப்பு விசை இயல்பாக 980. பள்ளிக்கூட இயற்பியலில் படித்த அதே கணக்குதான் இங்கேயும்: குதிக்கும் வேகத்தின் வர்க்கத்தை, ஈர்ப்பின் இருமடங்கால் வகுங்கள். 1,60,000-ஐ 1,960-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 82. அதாவது பாத்திரம் 82 பிக்சல் உயரம் குதிக்கும். -400-ஐ -600 ஆக்குங்கள், உயரம் 184 பிக்சல் ஆகிவிடும். குதிக்கும் வேகத்தை ஒன்றரை மடங்கு கூட்டினால் உயரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது! இந்த எண்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதில் ஒரு மாலை முழுக்கப் போகட்டும். கனமான பாத்திரம், இறகு மாதிரி மிதக்கும் பாத்திரம் என்ற உணர்வெல்லாம் இந்த இரண்டு மூன்று எண்களில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாண்ட ஒரு பள்ளம், பொறுக்க நாலு காசு, எட்ட ஒரு கதவு. முதல் கோடோ ஆட்டத்துக்கு அதற்குமேல் வேண்டாம். கோடோவின் அதிகாரபூர்வக் கையேட்டில் 'உங்கள் முதல் 2டி விளையாட்டு' என்ற பாடம் மிகத் தெளிவாக இருக்கிறது. காசு பொறுக்குவதற்கு வேண்டிய சிக்னல் (ஒரு நோடில் ஏதாவது நடந்ததும் மற்றதற்குச் சொல்வது) என்ற கருத்தை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

படம், ஒலி, எழுத்துரு

வரையத் தெரியாதவர்களுக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த கென்னி தளம் ஒரு வரம். பாத்திரங்கள், தரைகள், பொத்தான்கள், ஒலிகள் எல்லாம் சிசி0 முறையில், அதாவது உரிமையை முழுதாக விட்டுக்கொடுத்து, கிடைக்கின்றன. பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறு வேறு. எடுக்கும்போதே யாருடையது, என்ன உரிமம் என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது. கூகுளில் கண்ணில் பட்ட படத்தை எடுத்துப் போடாதீர்கள்.

தாமே வரைய விரும்புகிறவர்களுக்கு, உலாவியிலேயே ஓடும் பிஸ்கெல் சின்னப் பிக்சல் படங்களுக்குப் போதும். பெரிய ஓவியத்துக்கு கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். பிளெண்டருக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, பயன்படுத்துகிறவர்களே 2002இல் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி மூல நிரலை விடுவித்தார்கள். இன்று நமக்கு அது சும்மா கிடைப்பதற்கு அவர்கள் கொடுத்த காசுதான் காரணம். குதிக்கும் ஒலி, காசு எடுக்கும் ஒலிக்கு ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற உலாவிக் கருவியில் பொத்தானை அழுத்திக்கொண்டே போங்கள், பிடித்தது வரும்.

கோடோவில் தமிழ் எழுத்து பற்றி ஒரு சொல். 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பிலிருந்துதான் தமிழ் போன்ற எழுத்துமுறைகளை அது முறையாகக் காட்டுகிறது. அதற்கு முன் 'கொ' எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆகவே இணையத்தில் பழைய 3ஆம் பதிப்புப் பாடங்களைப் பார்த்து அதை இறக்கிவிடாதீர்கள். கோடோவோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. உங்கள் கணினியில் ஓட்டும்போது கணினியிலுள்ள தமிழ் எழுத்துருவை அது எடுத்துக்கொள்ளும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். உலாவியில் வெளியிட்டதும் எழுத்துகள் வெறும் கட்டங்களாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றை இறக்கி, திட்டக் கோப்புறையில் போட்டு, திட்ட அமைப்பில் அதையே இயல்பு எழுத்துருவாக வைத்துவிடுங்கள்.

வெளியிடுவது

ஸ்டீமில் ஓர் ஆட்டம் போட 100 டாலர், கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். முதல் ஆட்டத்துக்கு இது எதுவும் வேண்டாம். 2013 முதல் நடக்கும் இட்ச்.ஐஓ தளத்தில் போடக் கட்டணமே இல்லை. விலை வைத்து விற்றாலும் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ட்வைன் கோப்பின் பெயரை 'இன்டெக்ஸ்' என்று ஆங்கிலத்தில் மாற்றி ஏற்றுங்கள். கோடோவில் 'எக்ஸ்போர்ட்' பகுதிக்குப் போய் 'வெப்' என்பதைச் சேர்க்க வேண்டும். முதல் முறை எக்ஸ்போர்ட் வார்ப்புருக்களை இறக்கச் சொல்லும். அது பெரிய கோப்பு, போன் டேட்டாவில் செய்யாமல் வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். காலியான கோப்புறைக்குள் அதே 'இன்டெக்ஸ்' பெயரில் ஏற்றுமதி செய்து, எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஜிப் ஆக்கி ஏற்றுங்கள். உலாவியிலேயே ஆடப்படும் என்ற கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம். ட்வைன் கோப்பு போல இதை உங்கள் கணினியில் சொடுக்கித் திறக்க முடியாது, தளத்தில் ஏறிய பிறகுதான் ஓடும். 4.3க்கு முந்தைய பதிப்பில் செய்திருந்தால் தளத்தின் கூடுதல் அமைப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும், அதனால் புதிய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டியை நண்பர்களுக்கு அனுப்பும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எந்த விசையை அழுத்துவது என்று தெரியாமல் விழித்தால் அது அவர்கள் குறையில்லை, நீங்கள் திரையில் எழுத மறந்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று செய்யுங்கள். ஆட்டத்தோடு கூடவே அதன் மூலக் கோப்பையும் அதே பக்கத்தில் போடுங்கள். ட்வைனில் ஆர்க்கைவ் கோப்பு, கோடோவில் திட்டக் கோப்புறையின் ஜிப். நிரலுக்கு எம்ஐடி, எழுத்துக்கும் படத்துக்கும் சிசி-பை (செய்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். இலவச ஆட்டங்கள் நிறையவே கிடைக்கின்றன. திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி, தமிழில் குறிப்புகளோடு கிடைக்கும் ஆட்டங்கள்தான் அரிது.  ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒரு வரி தமிழில் 'இது குதிப்பதற்கு', 'இது காசு எண்ணுவதற்கு' என்று எழுதி வைத்தால், அடுத்து வருகிற பிள்ளை அங்கிருந்தே தொடங்கிக்கொள்ளும். கோடோவில் அப்படிக் குறிப்பு எழுத, வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட வேண்டும்.